எழுதாமல் விடும் சொல்: ஆங்கிலத் துணைவாக்கியமும் வாசகரின் நலனும்



ஆங்கிலம் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவு இது. அவர் வாழ்ந்த இடம் வகுப்பறை. ஆகவே நாளைக் காலை வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கும், நாளை மறுநாள் தேர்வெழுதும் மாணவருக்கும் உடனே பயன்படும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியத்தில் ‘ஹூ’, ‘ஹூம்’, ‘விச்’, ‘தட்’ ஆகிய சொற்களை எப்போது எழுத வேண்டும், எப்போது விட்டுவிடலாம் என்பதே அந்தப் பொருள்.

இவற்றை வகுப்பில் ‘ரிலேட்டிவ் புரோனவுன்’ என்கிறோம். இந்த உரையில் ‘இணைப்புப் பெயர்’ என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அது தொடங்கிவைக்கும் சிறு வாக்கியத்தைத் துணைவாக்கியம் என்றும், அந்தத் துணைவாக்கியம் எந்தப் பெயரை விளக்குகிறதோ அதைத் தலைப்பெயர் என்றும் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இன்றைய பொருளில் பாதி, காதில் விழுந்தால்தான் புரியும்.

நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். இணைப்புப் பெயரை விடுவது சோம்பலும் இல்லை, கொச்சையும் இல்லை. அது வாசகரைப் பற்றிய ஒரு கணிப்பு. துணைவாக்கியம் தொடங்கிவிட்டது என்பது வாசகருக்குத் தானாகவே தெரியுமானால் அந்தச் சொல் வேண்டாம். தெரியாது என்றால் கட்டாயம் வேண்டும். புத்தகங்களில் இருக்கும் விதிகள் எல்லாமே இந்த ஒரு கணிப்பிலிருந்து பிறந்தவை.

பாடப்புத்தக விதி

நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ரென் – மார்ட்டின் இலக்கண நூல் உட்பட எல்லா நூல்களும் சொல்லும் விதி இது: இணைப்புப் பெயர் துணைவாக்கியத்துக்குள் செயப்படுபொருளாக இருந்தால் விடலாம், எழுவாயாக இருந்தால் விடக்கூடாது.

“தி புக் தட் ஐ பாட் யெஸ்டர்டே இஸ் ஆன் தி டேபிள்.” நேற்று நான் வாங்கிய புத்தகம் மேசைமேல் இருக்கிறது. வாங்கியவன் நான், வாங்கப்பட்டது புத்தகம். ‘தட்’ இங்கே செயப்படுபொருள். எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்: “தி புக் ஐ பாட் யெஸ்டர்டே இஸ் ஆன் தி டேபிள்.” எதுவும் கெடவில்லை. சொல்லப்போனால், பேச்சில் இதுதான் இயல்பு.

அடுத்து, “தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்.” நேற்று வந்தவர் என் மாமா. வந்தவரும் அவர்தான், ஆகவே ‘ஹூ’ எழுவாய். அதை எடுத்தால், “தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்” என்று நிற்கிறது. ஆங்கிலம் தெரிந்த காது இதை ஏற்காது.

ஏன் ஏற்காது? இந்த ‘ஏன்’ பெரும்பாலும் வகுப்பில் கேட்கப்படுவதில்லை. விதியை எழுதிப் போடுகிறோம், பயிற்சி கொடுக்கிறோம், அடுத்த பாடத்துக்குப் போகிறோம். அந்தக் கெட்டுப்போன வாக்கியத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். “தி மேன் கேம் யெஸ்டர்டே.” இதுவரை இது முழு வாக்கியம். அந்த மனிதர் நேற்று வந்தார் என்று வாசகர் முடிவு செய்து, முற்றுப்புள்ளிக்குக் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் ‘இஸ்’ என்ற இரண்டாவது வினை வந்து நிற்கிறது. வாசகர் தாம் கட்டிய வாக்கியத்தைக் கலைத்துவிட்டு, முதல் சொல்லிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.

“தி புக் ஐ பாட்” என்பதில் அந்தத் தொல்லை இல்லை. ‘தி புக்’ என்ற பெயரை ஒட்டியே ‘ஐ’ வருகிறது. ஒரு பெயர் முடிந்ததும், இடையில் வினை எதுவும் வராமல், இன்னொரு எழுவாய் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இப்படி வந்தால், உள்ளே புதிதாக ஒரு துணைவாக்கியம் தொடங்குகிறது என்று அர்த்தம். ‘தட்’ செய்ய வேண்டிய வேலையை ‘ஐ’ செய்துவிட்டது.

இணைப்புப் பெயர் சாலையோரத்துக் கைகாட்டி போன்றது. திருப்பம் கண்ணுக்கே தெரிகிற இடத்தில் கைகாட்டி இல்லாவிட்டாலும் வழி தவறாது. தெரியாத இடத்தில் அது இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

விதியைத் தாண்டிய காரணம்

இந்தக் காரணம்தான் சரி, பாடப்புத்தக விதி அதன் ஒரு பகுதி மட்டுமே என்பதற்குச் சான்று உண்டு. இந்த வாக்கியத்தைக் கேளுங்கள்: “தி மேன் ஐ தாட் வாஸ் தி பிரின்சிபால் டர்ன்ட் அவுட் டு பி தி லைப்ரரியன்.” முதல்வர் என்று நான் எண்ணியவர் நூலகர் என்று பிறகு தெரிந்தது. இங்கே விடப்பட்ட ‘ஹூ’ எதற்கு எழுவாய்? ‘வாஸ்’ என்ற வினைக்கு. எழுவாயை விடக்கூடாது என்ற விதிப்படி இந்த வாக்கியம் தவறாக இருக்க வேண்டும். ஆனால் இது நல்ல ஆங்கிலம். நல்ல எழுத்தாளர்கள் தயக்கமில்லாமல் எழுதுவது. காரணம் வெளிப்படை. ‘தி மேன்’ என்பதை ஒட்டி வந்து நிற்பது ‘வாஸ்’ அன்று, ‘ஐ தாட்’. புதிய எழுவாய் அங்கே இருப்பதால் வாசகர் தடுமாறவில்லை.

இன்னொன்று: “ஷி இஸ் நாட் தி சிங்கர் ஷி வாஸ்.” முன்பு பாடிய பாட்டு இப்போது அவரிடம் இல்லை என்று பொருள். இங்கே விடப்பட்டது எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. பயனிலையோடு சேர்ந்த நிரப்புச்சொல். அதையும் ஆங்கிலம் தயங்காமல் விடுகிறது. தலைப்பெயரை ஒட்டி ‘ஷி’ நிற்பதே அதற்குப் போதுமானது.

ஆகவே மாணவர் கேட்க வேண்டிய கேள்வி “இது எழுவாயா, செயப்படுபொருளா?” என்பது அன்று. “இந்தச் சொல்லை எடுத்துவிட்டால், தலைப்பெயரை ஒட்டி வந்து நிற்பது என்ன?” என்பதே. புதிய எழுவாய் நின்றால் எடுக்கலாம். வினை நின்றால் எடுக்கக்கூடாது. இலக்கணப் பெயர்கள் எதுவும் நினைவில் இல்லாத மாணவரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடுவார்.

எழுவாயாக வரும் ‘ஹூ’வையும் எடுக்க ஒரு வழி உண்டு. அதைத் தனியாக எடுக்க முடியாது. பின்னால் வரும் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும். “தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஆர் ஸிட்டிங் இன் தி லாஸ்ட் ரோ” என்பது “தி ஸ்டூடண்ட்ஸ் ஸிட்டிங் இன் தி லாஸ்ட் ரோ” ஆகும். ‘ஸிட்டிங்’ தனித்து முற்றுவினையாக முடியாது என்பதால், இது விளக்கம் சொல்ல வந்த சொல் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

இறந்தகால வடிவங்களில் மட்டும் கவனம் வேண்டும். “தி கிளார்க் ஹூ வாஸ் ஸென்ட் எ நோட்டீஸ் வாஸ் ஆங்ரி.” நோட்டீஸ் அனுப்பப்பட்ட எழுத்தர் கோபமாக இருந்தார். ‘ஹூ வாஸ்’ போய்விட்டால், “தி கிளார்க் ஸென்ட் எ நோட்டீஸ்” என்று தொடங்கும். எழுத்தர்தான் நோட்டீஸ் அனுப்பினார் என்று வாசகர் நேர் எதிராகப் புரிந்துகொண்டு, ‘வாஸ் ஆங்ரி’ வந்ததும் திகைத்து நிற்பார். ‘ஸென்ட்’ என்ற ஒரே வடிவம் இரண்டு வேலைக்கும் வருவதுதான் சிக்கல். இவ்வகை வாக்கியங்களில் மனம் எப்படித் தவறான பாதையில் போகிறது என்பதைத் தாமஸ் பெவர் என்ற அமெரிக்க உளமொழியியலாளர் 1970இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். வாசிப்பு மனத்துக்குள் எப்படி நிகழ்கிறது என்ற ஆய்வில் இன்றுவரை எடுத்துப் பேசப்படும் கட்டுரை அது.

விடவே கூடாத இடங்கள்

காற்புள்ளிக்குள் அடைபட்ட துணைவாக்கியத்தில் இணைப்புப் பெயரை விட முடியாது. “தி டாக்டர் யூ மெட் யெஸ்டர்டே இஸ் மை சிஸ்டர்” என்பதில் எந்த டாக்டர் என்பதைத் துணைவாக்கியம்தான் அடையாளம் காட்டுகிறது. ஆனால், “மை மதர், ஹூம் யூ மெட் யெஸ்டர்டே, இஸ் எ நர்ஸ்” என்பதில் அடையாளம் காட்ட வேண்டிய தேவையே இல்லை. எனக்கு ஒரே தாய்தான். ‘நீங்கள் நேற்றுச் சந்தித்தீர்களே’ என்பது கூடுதல் செய்தி. ‘ஹூம்’ என்பதை எடுத்தால், ‘மை மதர்’ என்பதற்கும் ‘யூ மெட்’ என்பதற்கும் இடையே காற்புள்ளி உண்டாக்கிய இடைவெளியைத் தாண்டிப் பிணைக்க ஒன்றுமே இருக்காது. துணைவாக்கியம் தலைப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இணைப்புப் பெயரை விட முடியும். மூச்சு நின்றால் ஒட்டு விட்டுப்போகிறது. சொல்லிப் பாருங்கள்: “தி டாக்டர் யூ மெட்” என்று ஒரே மூச்சில் வருகிறது, “மை மதர்” என்று சொன்னதும் குரல் ஒரு கணம் நிற்கிறது.

‘ஹூஸ்’ என்பதையும் விட முடியாது. அது உடைமைப் பொருள் தருவது. “தி கேர்ள் ஹூஸ் ஃபாதர் டீச்சஸ் ஹியர்” என்பதில் அதை எடுத்தால் யாருடைய அப்பா என்பதே போய்விடும்.

அடுத்தது ‘இன்’, ‘வித்’, ‘ஆன்’, ‘டு’ முதலிய பிரிப்பொசிஷன்கள். இவை இணைப்புப் பெயருக்கு முன்னால் வந்தால் விட முடியாது: “தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்.” வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டால் விடலாம்: “தி ஹவுஸ் ஐ லிவ் இன்.” கடைசியில் பிரிப்பொசிஷன் வருவது தவறு என்று நம்மில் பலர் படித்திருக்கிறோம். அந்த எண்ணத்துக்குப் பழைய வரலாறு இருக்கிறது. ஜான் டிரைடன் 1668இல் வெளியிட்ட நாடகக் கலை பற்றிய கட்டுரையை 1684இல் மறுபதிப்புக்குத் திருத்தியபோது, வாக்கியக் கடைசியில் தாம் விட்டிருந்த பிரிப்பொசிஷன்களைத் தேடித் தேடி முன்னால் நகர்த்தினார். இலத்தீன் இலக்கணமே அவருக்கு அளவுகோல். ஆங்கிலமோ தன் போக்கில் “தி ஹவுஸ் ஐ லிவ் இன்” என்றே பேசிக்கொண்டிருந்தது. இன்றும் அப்படித்தான் பேசுகிறது.

தமிழ் மாணவர் தடுமாறும் இடம்

பிரிப்பொசிஷன் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனித் தடுமாற்றம் உண்டு. “தி ஹவுஸ் ஐ லிவ் இஸ் ஸ்மால்” என்று எழுதுவார்கள். “தி பென் ஐ ரைட் இஸ் நியூ” என்பார்கள். கடைசியில் வர வேண்டிய ‘இன்’, ‘வித்’ இரண்டையும் காணோம். சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகிறோம். இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அது அறியாமை இல்லை என்று தெரியும். தாய்மொழி ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

தமிழில் ‘நான் வீட்டில் இருக்கிறேன்’ என்பதைப் பெயரெச்சமாக்கினால் ‘நான் இருக்கிற வீடு’ ஆகிறது. ‘இல்’ உருபு மறைந்துவிட்டது. ‘பேனாவால் எழுதுகிறேன்’ என்பது ‘எழுதுகிற பேனா’ ஆகும்போது ‘ஆல்’ உருபு மறைந்துவிட்டது. எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய கடிதம் என்று ஒரே ‘எழுதிய’ எல்லாப் பெயரோடும் சேர்கிறது. வேற்றுமை உருபு எதுவும் தேவைப்படுவதில்லை. பெயரெச்சம் ஏற்கும் பெயர்களைச் செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறாக நன்னூலில் பவணந்தியார் வகைப்படுத்தியிருக்கிறார். எந்த உறவு என்பதைக் கேட்பவரே பொருளிலிருந்து கண்டுகொள்வார் என்று நம் மொழி நம்புகிறது.

திராவிட மொழிகளை வடமொழியிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகளுள் ஒன்றாகவே கால்டுவெல் இதைக் குறிப்பிட்டார். 1856இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகள் இணைப்புப் பெயரைப் பயன்படுத்தாமல் வினையின் எச்ச வடிவத்தைக் கொண்டே அந்த வேலையைச் செய்துகொள்கின்றன என்ற செய்தி இடம்பெற்றிருக்கிறது.

இதை அறிந்த ஆசிரியர் “பிரிப்பொசிஷனை மறக்காதே” என்று மட்டும் சொல்ல மாட்டார். “தமிழில் ‘எழுதுகிற பேனா’ என்றால் போதும். ஆங்கிலத்தில் ‘எழுதுகிறேன்’ என்பதோடு ‘பேனாவால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ தங்கியிருக்க வேண்டும்” என்று காட்டுவார். இணைப்புப் பெயரை விடலாம். பிரிப்பொசிஷனை விட முடியாது. “தி பென் ஐ ரைட் வித்.” இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளை, இந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும்.

இதற்கு விலக்காகச் சில பெயர்கள் ஆங்கிலத்திலேயே உண்டு. “தி டே ஐ ஜாயின்ட் திஸ் காலேஜ்”, “தி வே ஷி ஸ்பீக்ஸ்”, “தி ரீஸன் ஹி லெஃப்ட்.” நாள், முறை, காரணம் என்று வரும்போது இணைப்புப் பெயரும் வேண்டாம், பிரிப்பொசிஷனும் வேண்டாம். இந்த இடத்தில் ஆங்கிலம் நம் பெயரெச்சத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மாணவருக்கு இதை முதலில் கற்றுக்கொடுத்தால் தைரியம் வரும்.

பழிச்சொல்லின் வரலாறு

இணைப்புப் பெயரை விடுவது சற்றுத் தரக்குறைவு என்ற எண்ணம் படித்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. பள்ளி விண்ணப்பம் எழுதும்போதுகூட ஒவ்வொரு இடத்திலும் ‘விச்’ போட்டால்தான் மதிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த எண்ணம் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் அதன் பிடி தளரும்.

பழைய ஆங்கிலத்தில் ‘தெ’ என்ற, உருபு ஏற்று மாறாத ஒரு சொல் இணைப்பு வேலையைச் செய்தது, சுட்டுப்பெயர்களும் செய்தன. இடைக்கால ஆங்கிலத்தில் ‘தட்’ பெரும்பாலான இடங்களைப் பிடித்துக்கொண்டது. ‘விச்’, ‘ஹூ’ ஆகியவை கேள்விச் சொற்களாக இருந்து, பிற்பாடு இணைப்புப் பெயர்களாக ஆனவை. இணைப்புப் பெயரே இல்லாமல் துணைவாக்கியத்தை ஒட்டுவதும் பழமையான பழக்கம்தான். எழுவாயையே விட்டுவிடுவதுகூட ஷேக்ஸ்பியர் காலத்தில் சாதாரணமாக வழங்கியது. “தேர் இஸ் எ மேன் வான்ட்ஸ் டு ஸீ யூ” என்று பேச்சில் இன்றைக்கும் சில ஆங்கிலேயர் வாயிலிருந்து கேட்பது அந்தப் பழைய வழக்கின் எச்சம். எழுத்தில் நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

1711ஆம் ஆண்டு இலண்டனில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் ரிச்சர்ட் ஸ்டீல் அதில், ‘ஹூ’வும் ‘விச்’சும் சேர்ந்து மனுக் கொடுப்பதாக ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் இடத்தை ‘தட்’ பறித்துக்கொண்டது என்பது அவற்றின் முறையீடு. வரலாறு அதற்கு நேர்மாறானது. ‘தட்’ முன்னமே இருந்தது. மனுக் கொடுத்த இரண்டும்தான் பிறகு வந்தவை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோசப் அடிசன் அதே இதழில் நம் பொருளையே தொட்டார். மற்ற மொழிகள் சொல்லியே ஆக வேண்டிய சிறு சொற்களை ஆங்கிலம் விட்டுவிடுகிறது. இணைப்புப் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் நல்ல எழுத்தாளர்களே குழம்புகிறார்கள். ஓர் அகாதெமி போன்ற அமைப்பு வந்தால்தான் இது தீரும் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்துக்கு அப்படிப்பட்ட அகாதெமி வரவேயில்லை. தீர்ப்பைப் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களுமே சொல்லிவிட்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களின் கண்ணில் இலத்தீன் இருந்தது. இலத்தீனில் இணைப்புப் பெயர் இல்லாமல் இத்தகைய துணைவாக்கியம் இல்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் விட முடியாது. ஆகவே ஆங்கிலத்தில் அது காணாமல் போகும்போது ஏதோ குறைந்துவிட்டதாகவே அவர்களுக்குப் பட்டது.

இந்தப் பார்வையை மாற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன். 1860இல் பிறந்து 1943இல் மறைந்தவர். ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய ஆங்கில இலக்கணத்தின் மூன்றாம் தொகுதி 1927இல் வெளிவந்தது. இங்கே எதுவும் விடுபடவில்லை, துணைவாக்கியம் தலைப்பெயரை நேராகத் தொட்டு நிற்கிறது, அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். தொட்டு நிற்கும் துணைவாக்கியம் என்ற பொருளில் ‘கான்டாக்ட் கிளாஸ்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவருடைய தாய்மொழியான டேனிஷிலும் இதே அமைப்பு உண்டு. இலத்தீன் கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்குக் குறையாகத் தெரிந்தது, தம் வீட்டுப் பேச்சிலேயே அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு முழு அமைப்பாகத் தெரிந்தது. பெயரெச்சத்தில் பிறந்து வளர்ந்த நமக்கும் இது எளிதாகவே புரிய வேண்டும்.

விடலாம் என்பதும் விட வேண்டும் என்பதும்

இலக்கணம் அனுமதிக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் விட்டுவிடலாமா? இந்த இடத்தில்தான் எழுதுகிறவரின் பொறுப்பு தொடங்குகிறது.

துணைவாக்கியத்தின் எழுவாய் ‘ஐ’, ‘யூ’, ‘வீ’, ‘ஹி’, ‘ஷி’ முதலிய சிறு சொல்லாக இருந்தால் தயங்காமல் விடுங்கள். “எவ்ரிதிங் யூ ஸெட்”, “ஆல் வீ நீட்”, “தி பெஸ்ட் ஃபிலிம் ஐ ஹேவ் ஸீன்.” இவற்றில் ‘தட்’ போட்டால் தவறில்லை, ஆனால் நடை கனத்துப்போகும். டக்ளஸ் பைபரும் அவருடைய குழுவினரும் 1999இல் லாங்மன் வெளியீடாகக் கொண்டுவந்த பெரிய இலக்கண நூல், உண்மையான பேச்சையும் எழுத்தையும் பெருந்தொகுப்பாகச் சேர்த்து ஆராய்ந்தது. உரையாடலில் இணைப்புப் பெயரை விடுவது மிகுதி. எழுவாய் இத்தகைய சிறு சொல்லாக இருக்கும்போது விடுவது இன்னும் மிகுதி என்று அது காட்டுகிறது.

எழுவாய் பெயர்ச்சொல்லாக இருந்தால் நிதானியுங்கள். “தி ரைஸ் ஃபார்மர்ஸ் குரோ இன் திஸ் டிஸ்ட்ரிக்ட் இஸ் ஸோல்ட் இன் கேரளா.” இந்த மாவட்டத்தில் உழவர்கள் விளைவிக்கும் நெல் கேரளத்தில் விற்பனையாகிறது என்று சொல்ல வந்தோம். ஆனால் ‘ரைஸ் ஃபார்மர்ஸ்’ என்று இரண்டு பெயரும் அடுத்தடுத்து நின்றதும், ‘நெல் உழவர்கள்’ என்ற ஒரே பெயராக வாசகர் படித்துவிடுவார். “தி ரைஸ் தட் ஃபார்மர்ஸ் குரோ” என்று ஒரு ‘தட்’ சேர்த்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். இலக்கணப்படி தேவையில்லாத சொல்தான். வாசகருக்குத் தேவையான சொல்.

தலைப்பெயருக்கும் துணைவாக்கியத்துக்கும் நடுவில் வேறு பெயர் புகுந்துகொண்டாலும் நிதானம் வேண்டும். “தி லெட்டர் ஃப்ரம் தி டீச்சர் வீ ஆல் அட்மையர்ட்” என்றால் எல்லோரும் வியந்தது எதை? கடிதத்தையா, ஆசிரியரையா? தொட்டு நிற்கும் துணைவாக்கியம் தனக்கு மிக அருகில் உள்ள பெயரையே பற்றிக்கொள்ளும். அதனால் ‘ஆசிரியரை’ என்றே வாசகர் படிப்பார். கடிதத்தைத்தான் சொல்கிறோம் என்றால் ‘விச்’ எழுத வேண்டும். அந்த ஒரு சொல், ஆளைச் சுட்டவில்லை, பொருளைச் சுட்டுகிறது என்று தெளிவாக்கிவிடும்.

இரண்டு துணைவாக்கியங்கள் ‘அண்ட்’ கொண்டு சேரும்போது இரண்டாவதை மறந்துவிடக்கூடாது. “எ ஃபிரெண்ட் ஐ டிரஸ்ட் அண்ட் ஹூ டிரஸ்ட்ஸ் மீ.” முதலாவதில் ‘ஐ’ இருப்பதால் இணைப்புப் பெயர் வேண்டாம். இரண்டாவதில் ‘டிரஸ்ட்ஸ்’ என்ற வினை உடனே வருவதால் ‘ஹூ’ கட்டாயம். எழுத்து நடை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர் முதலாவதிலும் ‘ஹூம்’ போட்டு இரண்டையும் சமன் செய்வார்.

துணைவாக்கியத்துக்குள் இன்னொரு துணைவாக்கியம் நுழையும்போது எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். “தி புக் தி டீச்சர் தி ஸ்கூல் அப்பாயின்டட் ரோட்” என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிக்க முடியவில்லை. மூன்று பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டு இரண்டு வினைகளைக் கடைசியில் கொட்டியிருக்கிறோம். இப்படிப்பட்ட இடத்தில் இணைப்புப் பெயரைச் சேர்த்தாலும் ஓரளவுதான் தெளியும். வாக்கியத்தை இரண்டாக உடைப்பதே முறை.

எழுத்தின் வகையும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம், சட்டம், அரசாணை, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றில் இணைப்புப் பெயரைச் சேர்த்தே எழுதுவது நல்லது. அங்கே ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் வழக்கு வரும், அல்லது நோயாளிக்குத் தீங்கு வரும். கடிதம், கதை, மேடைப் பேச்சு, நண்பருக்கு எழுதும் குறுஞ்செய்தி ஆகியவற்றில் விடுவதே அழகு. அங்கே ஒவ்வொரு ‘விச்’சும் வாசகரை நிறுத்தி நிறுத்தி நடக்கவைக்கும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

நம் வகுப்புகளில் இந்தப் பாடம் ஒரே திசையில்தான் போகிறது. இரண்டு தனி வாக்கியங்களைக் கொடுக்கிறோம். இணைப்புப் பெயரைப் போட்டு ஒன்றாக்கச் சொல்கிறோம். சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் கொடுக்கிறோம். இந்தப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதை மட்டுமே செய்கிற பிள்ளை, சேர்ப்பதற்குத்தான் மதிப்பெண், விடுவதற்கு இல்லை என்று கற்றுக்கொள்கிறது. பிறகு அதுவே வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, ஒவ்வொரு வரியிலும் ‘விச்’ அடுக்கி, தனக்கே சொந்தமில்லாத ஒரு குரலில் எழுதுகிறது. இன்னொரு பக்கம், திரைப்படத்திலும் கைப்பேசியிலும் கேட்ட ஆங்கிலத்தைப் பின்பற்றும் பிள்ளை, விடக்கூடாத ‘ஹூ’வையும் விட்டுவிட்டுத் திட்டு வாங்குகிறது. ஒருவருக்கும் காரணம் சொல்லப்படவில்லை.

காரணத்தைச் சொல்வது கடினமில்லை. ஒரு பத்தியைக் கொடுங்கள். அதில் உள்ள இணைப்புப் பெயர்களுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கேட்பவர் தடையின்றிப் பின்தொடர்ந்தால் எடுக்கலாம். முகம் சுளித்தால் திரும்பச் சேர்க்க வேண்டும். தலைப்பெயரை ஒட்டி என்ன நிற்கிறது என்று அவர்களையே கேளுங்கள். விதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். முதல் இருக்கையில் இருக்கும் பிள்ளையும் கடைசி இருக்கையில் இருக்கும் பிள்ளையும் இந்தப் பயிற்சியில் சமம். ஏனென்றால் கேட்கும் காது இருவருக்கும் உண்டு.

வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அடுத்த தேர்விலிருந்தே ஒரு வினாவைச் சேர்க்க வேண்டுகிறேன். ஐந்து வாக்கியங்கள் கொடுங்கள். எந்த வாக்கியத்தில் இணைப்புப் பெயரை எடுக்கலாம், எதில் எடுக்கக்கூடாது, எதில் எடுக்கலாம் என்றாலும் வைத்திருப்பதே வாசகருக்கு நல்லது என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காரணத்துக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். தாம் எழுதும் வாக்கியத்தை மற்றொருவர் எப்படிப் படிப்பார் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கத்தை அந்த மதிப்பெண் வளர்க்கும். ஆங்கிலத்துக்கு மட்டுமல்ல, தமிழில் எழுதுவதற்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.